பட்டன் தைத்துவிட்டுப் போன திருடி

திருடன் வந்தால் எதையாவது எடுத்துக்கொண்டு போவான். அதுதானே முறை? வந்த வீட்டில் அறுந்த பட்டனைத் தைத்துவைத்துவிட்டுப் போகிற திருடனை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சின்னவள் தன் ஊதாச் சட்டையைக் கையில் பிடித்தபடி அலமாரிக்கு முன்னால் நின்றாள். அந்தச் சட்டையில் கழுத்துக்குக் கீழே ஒரு பட்டன் இல்லாமல் இருந்தது. தைக்கணும், தைக்கணும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்று வேலைக்குக் கிளம்பும்போது எடுத்துப் பார்த்தால் பட்டன் உட்கார்ந்திருக்கிறது. சாதாரணமாக இல்லை, நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, அடியில் சுற்றி, இழுத்தாலும் வராத மாதிரி கச்சிதமாக.

வேறொருத்தியாக இருந்தால் "யாரோ புண்ணியவதி, நல்லா இருக்கட்டும்" என்று மாட்டிக்கொண்டு போயிருப்பாள். சின்னவள் அப்படி வளர்க்கப்பட்டவள் இல்லை. அவள் புத்தி நேராக ஒரே இடத்துக்குத்தான் போனது. என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற யாரோ ஆசைப்பட்டிருக்கிறாள். பட்டன் இல்லாமல் எப்படிப் போடுவது? அதனால்தான் தைத்திருக்கிறாள்.

யாரோ என்ன யாரோ? அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். ஒருத்தி சின்னவள். இன்னொருத்தி, வாடகையைப் பங்குபோட்டுக் கூடக் குடியிருந்த கேக்காரி.

இந்தச் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை. சின்னவளின் அம்மாவுக்கு ஒரு ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற பெண்களின் பைகளைச் சோதிக்கிற வேலை. "செக்கிங்கக்கா" என்றால் அந்தத் தொழிற்சாலையே நடுங்கும். அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அந்த இடது கை ஒரு பைக்குள் போனால், சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கு அடியில் ஒளித்த கைக்குட்டைகூட வெளியே வந்துவிடும்.

சோதித்த பையின் வாயை அம்மா ஒரு நூலால் கட்டி அனுப்புவாள். காரணம் உண்டு. உள் வாசலுக்கும் வெளி வாசலுக்கும் நடுவே லாரியில் சரக்கு ஏற்றுகிற முற்றம். போகிற போக்கில் எதையாவது எடுத்துப் பைக்குள் திணித்துவிடக் கூடாதல்லவா? அந்த முடிச்சு அம்மாவே கண்டுபிடித்தது. எந்த நுனியை எப்படி இழுக்க வேண்டும் என்று தெரிந்தவளுக்கு அவிழும். தெரியாதவள் இழுத்தால் இன்னும் இறுகும், கத்தரித்தால்தான் உண்டு. தொழிற்சாலையில் வேறு யாருக்கும் அதை அம்மா சொல்லிக் கொடுத்ததில்லை. சின்னவள் மட்டும் சிறுவயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

வேலை வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்மா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கொட்டிப் பார்ப்பாள். பென்சில் புதிதாக இருந்தால், "இது யாரோடது?" பென்சில் குறைந்தால், "யார் எடுத்தா?" அக்கா பெரியவளுக்கும் சின்னவளுக்கும் அது பழகிப்போனது. பெரியவள் மட்டும் வேலைக்கு என்று தனியே போனவள், ஒருநாள் போனில் கூப்பிட்டு, "அம்மா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள். ஊரார் பைகளையெல்லாம் துழாவிய அம்மாவுக்குச் சொந்த மகளின் மனசில் இருந்தது தெரியாமல் போய்விட்டது. அன்றிலிருந்து அம்மாவின் கண் சின்னவளை விட்டு நகரவில்லை.

அதனால்தான் சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து, "ஊருக்கு அந்தக் கோடியில கடை, தினமும் போய் வர முடியாது, தனியா இருக்கப் போறேன்" என்றபோது வீடு போர்க்களமானது. அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம் வாங்கினாள்.

"ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னு தெரிஞ்சுதோ, அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடணும். அப்புறம் வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்."

"அங்க யாரையும் நம்பாதே. சிரிச்சுப் பேசறவளை ரெண்டு மடங்கு நம்பாதே."

கேக்காரி சிரித்துத்தான் பேசினாள். ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பூ வரைகிற வேலை அவளுக்கு. விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போய், மதியம் திரும்பிவிடுவாள். சின்னவள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். ஆக, மதியத்துக்கு மேல் வீட்டில் கேக்காரி தனியாக இருந்தாள். சின்னவள் முதல் வாரமே மனசுக்குள் குறித்துக்கொண்ட விஷயம் இது.

வீடு ஒரு மாடியில் இருந்தது. இரண்டு சின்ன அறைகள், நடுவில் ஒரு சமையலறை. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா கறாரான ஆள். "ரெண்டு பொண்ணுங்கன்னா வீடு. ஒருத்தி மட்டும்னா கிடையாது. தனியா ஒருத்தி இருந்தா எனக்குப் பயம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

கேக்காரியிடம் சந்தேகப்பட என்ன இருந்தது? தேடினால் எல்லாரிடமும் இருக்கும். கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு போவாள், நனைந்த குடையைத் திரும்பக் கொண்டுவந்து விரித்து வைத்து, "உன் குடை இன்னிக்கு என் உயிரைக் காப்பாத்துச்சு" என்பாள். ஓரம் உடைந்த கேக் துண்டுகளை டப்பாவில் கொண்டுவந்து நீட்டுவாள். இவள் எதற்கு எனக்குத் தின்னத் தருகிறாள் என்று சின்னவள் யோசிப்பாள். யோசித்துக்கொண்டே தின்றுவிடுவாள், அது வேறு விஷயம். ஒருநாள் கேக்காரி, "அந்த ஊதாச் சட்டையைப் போடேன், உன் நிறத்துக்கு அள்ளிக்கிட்டுப் போகும்" என்றாள். சின்னவளுக்குப் பகீரென்றது. அந்தச் சட்டையை இந்த வீட்டுக்கு வந்து அவள் போட்டதே இல்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? துவைத்துக் கொடியில் போட்டிருந்தோமே என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பட்டனுக்கு அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. கைக்குட்டைகளை நீளவாட்டில் மடித்து வைத்திருந்தாள், சதுரமாக இருந்தன. கடையில் ஒரு தோழி கொடுத்த வாசனைத் திரவியப் புட்டி பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்திருந்தது. எதுவும் காணாமல் போகவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எடுத்துக்கொண்டு போகிறவள் என்ன வேண்டும் என்று வருகிறாள் என்பது தெரியும். ஒன்றையும் எடுக்காதவள் எதைத் தேடுகிறாள்?

அம்மாவிடம் சொல்லலாம் என்றால், சொன்ன நிமிஷமே பெட்டி கட்ட வேண்டியதுதான். சின்னவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, "அட!" என்பார். அதைக் கேட்க வேண்டும் என்றே அவள் சீக்கிரம் கடைக்குப் போவாள். சாயங்காலம் சொந்தச் சாவியால் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, யாரும் பையைக் கொட்டிப் பார்க்காத ஒரு வீட்டுக்குள் நுழைவது அதைவிடப் பிடித்திருந்தது. இதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அம்மா தினமும் போன் செய்வாள்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரிம்மா."

"ஒண்ணும் வித்தியாசமா இல்லையே?"

"இல்லம்மா. என்ன வித்தியாசம்?"

"சும்மாதான் கேட்டேன். தலைவலி மாத்திரை அது இதுன்னு கண்டதையும் முழுங்காதே. கடையில கண்ணைக் கசக்கிக்கிட்டே நிக்காதே."

"சரிம்மா, சரி" என்று போனை வைத்தாள் சின்னவள். பொய் சொல்லும்போது காது சூடாகும் அவளுக்கு. காது சூட்டில் மாத்திரைப் பேச்சு மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவின் ஆயுதத்தையே எடுத்தாள். அலமாரியின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துக் கறுப்பு நூலால் அந்தத் தொழிற்சாலை முடிச்சைப் போட்டாள். கேக்காரி எத்தனுக்கு எத்தியாக இருந்தாலும் இதை அவிழ்க்க முடியாது. கத்தரித்தால் மாட்டிக்கொள்வாள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

சாயங்காலம் வந்து பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. சின்னவளுக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. நூலை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். தலைவலி மாத்திரை அட்டை, துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தது, மேலே நடுவில் உட்கார்ந்திருந்தது.

சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. முடிச்சு அவிழவில்லை. ஆனால் அலமாரிக்குள் கை புகுந்திருக்கிறது. இதென்ன பேய் வேலையா? சின்னவள் அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பலகையைத் தட்டிப் பார்த்தாள். ஆணிகளை நகத்தால் சுரண்டினாள். தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கேக்காரியின் குரல் கேட்டது.

"என்னடி, அலமாரிக்கு வைத்தியம் பார்க்கறியா?"

சின்னவள் எழுந்தாள். தலைமுடியெல்லாம் ஒட்டடை.

"முகம் ஏன் இப்படி இருக்கு? தலைவலியா? மாத்திரை போட்டுக்க வேண்டியதுதானே."

முந்தின ராத்திரி சின்னவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த எவளும் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். ஆனால் சின்னவளின் காதில் அது ஒப்புதல் வாக்குமூலமாக விழுந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதுபோல இவளே வாயைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தாள்.

"மாத்திரை எங்க இருக்குன்னு உனக்கு நல்லாத் தெரியுமே. அலமாரியை எப்படித் திறந்தே?"

"எந்த அலமாரியை?"

"நடிக்காதே. சட்டையைத் தொட்டே, சும்மா இருந்தேன். கைக்குட்டையைத் தொட்டே, சும்மா இருந்தேன். முடிச்சுப் போட்டும் திறக்கறேன்னா நீ சாதாரணத் திருடி இல்லை."

கேக்காரி முதலில் சிரித்தாள். விளையாட்டு என்றே நினைத்தாள். சின்னவளின் முகம் மாறவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"திருடியா? யாரு, நானா?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்ல?"

கேக்காரி தன் அறைக்குள் போனாள். பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்து, சின்னவளின் காலடியில் தலைகீழாகக் கொட்டினாள். துணி, சீப்பு, க்ரீம் பிழிகிற சின்னச் சின்னக் குழல்கள், ஒரு பழைய போர்வை, எல்லாம் தரையில் உருண்டன.

"பாரு. உன்னோடது ஏதாவது இருந்தா எடுத்துக்க."

இந்த இடத்தில் சின்னவள், "வேணாம், விடு" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவளோ உட்கார்ந்தாள். உட்கார்ந்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். போர்வையின் மடிப்புக்குள் கை விட்டாள். குழல்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கை தானாகவே வேலை செய்தது, பிறந்ததிலிருந்து பார்த்த வேலையல்லவா? கேக்காரி சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

கேக்காரி குனிந்து எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் போட்டாள். தன் சாவியைச் சமையலறை மேடையில் வைத்தாள். "பேக்கரியில கூட வேலை செய்யறவ வீட்ல இடம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். படியில் பை இடித்துக்கொண்டே இறங்குகிற சத்தம் கேட்டது. சின்னவள் போய்க் கதவைத் தாழிட்டாள். நல்லவேளை, தொலைந்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் வீட்டுக்காரம்மா மேலே வந்தாள்.

"அந்தப் பொண்ணு போயிடுச்சாமே? மாசக் கடைசிக்குள்ள வேற ஆளைப் பாரு. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணிடு, என்ன?"

சரி, ஆள் பார்த்துக்கொள்ளலாம், திருடி போனாளே, அதுவே பெரிது என்று சின்னவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரிக்கு முடிச்சு போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. திறந்தாள். அவசரத்தில் சுருட்டி எறிந்துவிட்டுப் போன துண்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கப்பட்டிருந்தது.

சின்னவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கேக்காரியின் சாவி இவளிடம் இருக்கிறது. கதவு பூட்டியபடி இருந்தது. அப்படியானால்?

அவிழ்த்த நூல் தரையில் கிடந்தது. இந்தத் தடவை சின்னவள் பின்பலகையைத் தட்டப் போகவில்லை. திறக்க முடியாததைத் திறந்தவள் யார் என்று இதுவரை கேட்டுக்கொண்டிருந்தோம், அவிழ்க்கத் தெரிந்தவள் யார் என்று ஏன் கேட்கவில்லை? நூலை எடுத்துத் திரும்ப ஒருமுறை கட்டிப் பார்த்தாள். அவள் கட்டினால் நுனி வலது பக்கம் படுத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவிழ்த்தபோது நுனி இடது பக்கம் படுத்திருந்தது. கை அதைக் கவனித்திருந்தது. மனசுதான் கவனிக்கவில்லை.

இடது கை. சதுரமாக மடிக்கிற கைக்குட்டை. இழுத்தாலும் வராத பட்டன். போனில் வந்த மாத்திரைப் பேச்சு. ஐயோ! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்தவளைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சின்னவள் தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் அம்மாவுக்கு வேலை. முற்பகல் முழுக்க ஓய்வு. அந்த நேரத்தில் இந்த வீட்டில் இரண்டு பேருமே இருப்பதில்லை. எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றன.

படியில் காலடி கேட்டது. சாவி திரும்பியது. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலில் மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ஒரு நிமிஷம்தான். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ஏன் வேலைக்குப் போகலை? உடம்பு சரியில்லையா?" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

"சாவி ஏதும்மா?"

"குடி வந்த அன்னிக்கே ஒண்ணு போட்டு வச்சேன். பால் வாங்கப் போனேன்ல, அப்ப."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உங்கக்கா கதை மறந்துபோச்சா? எனக்குச் சொல்லாம நீ என்ன பண்றே, யாரு வரா, யாரு போறா, நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"கேட்டா சொல்லியிருப்பேனே."

"தினமும் கேட்டேன்" என்றாள் அம்மா. குரல் சட்டென்று உடைந்தது. "எல்லாம் சரியா இருக்கான்னு தினமும் கேட்டேன். எல்லாம் சரின்னே. அலமாரியில முடிச்சு போட்டிருக்கே, யார் மேலயோ சந்தேகம் இருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அந்த முடிச்சைப் பார்த்ததும் முதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, என் பொண்ணு என்னை மாதிரியே கட்டியிருக்கான்னு. அப்புறம் பார்த்தா நீ என்கிட்டயே பொய் சொல்றே. உனக்கு மட்டும் என் மேல நம்பிக்கை இருந்துச்சாக்கும்?"

 பெற்றவள் கேட்டது நியாயமாகவும் இருந்தது, அநியாயமாகவும் இருந்தது.

"உன்னால நான் அவளைத் திருடின்னு சொல்லிட்டேன்மா. அவ பையைத் தேடினேன். அவ வீட்டை விட்டே போயிட்டா."

"தேடினா என்ன? ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அவளுக்கும் நல்லது."

"அவகிட்ட வந்து நீயே சொல்லு. நான்தான் வந்து போனேன்னு."

அம்மா கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள். "அது மட்டும் என்னால முடியாது. வாசல்ல நிக்கிறவ ஒருத்திகிட்ட மன்னிப்புக் கேட்டா, அடுத்தவ பையில கையை விட முடியாது. இத்தனை வருஷத்துல நான் யார்கிட்டயும் கேட்டதில்லை."

"இது வாசல் இல்லம்மா. என் வீடு."

"உன் வீடா? அவதான் போயிட்டாளே. தப்பாயிடுச்சுல்ல? பேசினது பேசினதுதான். பெட்டியைக் கட்டு, கிளம்பு."

"தப்புப் பண்ணினது நீயும் நானும். அதுக்கு நான் எதுக்கு வேலையை விடணும்? நான் வரல. சாவியை வச்சுட்டுப் போ."

வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள் சின்னவள்.  அம்மா சாவியைக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்தபடி படியிறங்கினாள்.

சின்னவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பிறந்த புத்தி போகுமா? கையோடு பூட்டுக் கடைக்குப் போய் வாசல் பூட்டை மாற்றிவிட்டாள்.

அங்கிருந்து நேராகப் பேக்கரிக்குப் போனாள். பின்பக்கக் கதவு வழியாக வெண்ணெய் மணம் வந்துகொண்டிருந்தது. கேக்காரி ஒரு வெள்ளைக் கேக்கின் ஓரமாகச் சின்னச் சின்ன இலைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்தாள், கை நிற்கவில்லை. சின்னவள் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா, சாவி, முடிச்சு, பட்டன் எல்லாவற்றையும். 

"உங்கம்மாவா?" கேக்காரிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. "அடக் கடவுளே. பட்டன் தைக்கவா பூட்டைத் திறந்து வந்தாங்க?"

"என்னை மன்னிச்சுடு. திரும்பி வந்துடு. நீ வரலன்னா அந்த வீடும் போயிடும். ஆனா அதுக்காக மட்டும் கூப்பிடலை."

கேக்காரி இலையை முடித்துவிட்டு, குழலைத் துணியில் துடைத்தாள்.

"நீ சொன்னதை நம்பறேன். திருடின்னு சொன்னது கோபத்துல வந்தது, அதுகூடப் போகட்டும். பையைக் கொட்டினேன்ல, நீ தேட மாட்டேன்னு நெனச்சுத்தான்டி கொட்டினேன். நீ உக்காந்து தேடினே."

சின்னவள் தலை நிமிரவில்லை.

"உன் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா அங்க வந்து இருந்தா, இனிமே நான் ஒரு டம்ளரை எடுத்தாக்கூட என் கை எங்க போகுதுன்னு நானே பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்படி ஒரு வீட்ல எப்படித் தூங்கறது? வேணாம்." கேக்காரி இன்னொரு கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போய்ட்டு வா. ஷிப்ட் முடியல எனக்கு."

சின்னவள் போன வழியே திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சில நாள் கழித்து அம்மா போன் செய்தாள். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அம்மா, "பூட்டு மாத்திட்டியா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அம்மா?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் அம்மா. சாவி ஒண்ணுதான் என்றாளே! சின்னவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பூட்டை மாற்றியது நல்லதாகப் போயிற்று.

மாசக் கடைசி நெருங்கியபோது வீட்டைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறவள், சின்னவளைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். முதல் தடவையாக வீட்டை விட்டு வெளியே வருகிறாளாம். அறையைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். எல்லாம் பிடித்த மாதிரிதான் இருந்தது.  இவள் சரி என்றால் வீடு நிற்கும். மாட்டேன் என்றால் அடுத்த வாரம் அம்மாவின் வீட்டில், அம்மாவின் கண்ணுக்கு முன்னால்.

"முன்னாடி இருந்தவங்க ஏங்க போயிட்டாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பேக்கரிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னால் தீர்ந்தது. சின்னவளுக்கு அந்தப் பொய் நாக்கு நுனியில் இருந்தது. காது சூடாகத் தொடங்கியது.

"நான் அவங்களைத் திருடின்னு சொன்னேன். அவங்க திருடலை. அதனால போயிட்டாங்க."

அந்தப் பெண் குழாயை விட்டுத் திரும்பினாள். மேலும் கீழுமாகச் சின்னவளைப் பார்த்தாள். இவள் எப்படிப்பட்டவள், இதை ஏன் சொல்கிறாள், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று துழாவுகிற பார்வை. சின்னவளுக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். இவ்வளவு காலமும் அவள்தான் அதை மற்றவர்கள்மேல் வைத்துப் பார்த்தவள். தன்மேல் விழுந்தபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"நாளைக்கு வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது. அதான்."

அந்தப் பெண் திரும்பவும் அறைக்குள் போய்ப் பார்த்தாள். கதவின் தாழ்ப்பாளை மறுபடி மறுபடி இழுத்து விட்டாள்.

"என் ரூமுக்கு நானே தனியா ஒரு பூட்டு போட்டுக்கலாமா? சாவி என்கிட்ட மட்டும் இருக்கணும்."

சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நான் திருடியா என்று கேட்க வாய் வந்தது. கேக்காரி கேட்ட அதே கேள்வி. ஆனால் அவளுக்கு அதைக் கேட்கிற உரிமை இருந்தது, எனக்கு எது என்று நினைத்துக்கொண்டாள்.

"போட்டுக்குங்க" என்றாள் சின்னவள். "ஆணியடிக்க நான் பிடிச்சுக்கறேன்."

"அப்போ ஒண்ணாம் தேதி வரேன்" என்றாள் அந்தப் பெண். இன்னும் சிரிக்கவில்லை.